இங்கன நிக்காது, அங்கன நிக்கும்

ஒண்ணு

ஆத்துல பெருவெள்ளம் வந்துச்சுல்லா, பாலத்துக்கு மேல தண்ணி போயி, கல்லிடைக்குறிச்சிக்காரன் அந்தக் கரையிலயும் நாம இந்தக் கரையிலயும் நின்னு ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தோமே, அந்த வெள்ளத்துக்கு ஏழு வருசம் கழிச்சு, அதே ஐப்பசி மாசம்தான் இது நடந்தது. எங் கடை வாசல்ல சாத்தி வச்சிருந்த வாடகைச் சைக்கிள் ஒண்ணு அந்தத் தண்ணியில போனதே, ஞாபகம் இருக்கா மாடசாமி? ஆறு வத்துன பொறவு ஒரு வாழத்தோட்டத்துக்காரரு தேடிக் கொண்டாந்து குடுத்தாரு. மணி மட்டும் இல்ல. அது இல்லாமலே ஓடுச்சு அந்தச் சைக்கிளு.

சரி, எங்கியோ போறேன். கூட நின்னு கேக்கவங்களுக்கு ஆளு தெரியணும்லா. நான் சுடலைமுத்து. அம்பாசமுத்திரத்துல, அதான் நம்ம அம்பையில, பஸ் நிறுத்தத்துக்கு எதுத்தாப்புல சைக்கிள் வாடகைக்கு விட்டுக்கிட்டு இருந்தேன். இந்த மாடசாமி எம் பொஞ்சாதிக்கு உடம்பொறந்த தம்பி. நீங்க இப்ப இந்தக் கேசட்ட கேட்டுக்கிட்டு நிக்கது அவன் டெலிபோன் பூத்துலதான். எம் பொஞ்சாதி தவறுன பொறவு எம் மக பேச்சி என்னயக் கனடாவுக்குக் கூட்டிட்டு வந்துட்டா. வின்னிபெக்குன்னு ஊரு. எனக்கு வாயில வெந்நிப்பெட்டின்னுதான் வருது. பேருலதான் வெந்நி. மார்கழி தொடங்குனா வெளியில துப்புன எச்சி கீழ விழுந்து கல்லாக் கெடக்கு.

எனக்கு எழுத வராது. பேரு மட்டும் போடுவேன். அதனால பேச்சி இந்த டேப்பக் கொண்டாந்து முன்னால வச்சா. "ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் சொல்லிப் பேசுங்கப்பா. கேக்கவங்க நடுவுல நிறுத்தி டீ குடிச்சுட்டு வரட்டும்"ன்னா. நான் பேச உக்காந்தா கேக்கவனுக்கு டீ வேணும்னு அவளுக்குத் தெரியும்.

இங்கன எனக்கு ஒரு குறையும் இல்ல, அத மொதல்ல சொல்லிருதேன். காலையில எந்திரிச்சா சுடுதண்ணி குழாயிலயே வருது. மருமகனுக்கு வேற ஊர்ல வேலை, வெள்ளிக்கிழமை வருவாரு, வரும்போது எனக்குன்னு வெத்தல வாங்கிட்டு வாராரு. இந்தப் பனியில வெத்தலய எங்கன புடிக்காரோ தெரியல. பக்கத்து வீட்டுல ஒரு வெள்ளக்காரரு, என் வயசுதான். அவரு பனி தள்ளும்போது எங்க வாசலையும் சேத்துத் தள்ளிட்டுப் போறாரு. நான் கை கூப்புவேன். அவரும் கை கூப்புவாரு. அதுக்கு மேல பேச்சு இல்ல, ஆனா அது போதும்.

சனிக்கிழமை காலையில பேச்சி கம்ப்யூட்டருக்கு முன்னால உக்காந்து, மாடசாமி பூத்துக் கம்ப்யூட்டர்ல எழுதினத வாசிப்பா. அவன் தமிழ இங்கிலீஷ் எழுத்துல எழுதுவான். "Aaththula thanni varuthu"ன்னு இருக்கும். பேச்சி அத வாசிச்சா எனக்குத் தண்ணி சத்தமே கேட்டுரும். வாரம் பூரா நான் அந்தச் சனிக்கிழமைக்குத்தான் உக்காந்திருக்கேன்.

ரெண்டு

இப்ப நடந்ததுக்கு வாரேன். அதுக்கு முன்னால டெல்லிக்குப் போனதச் சொல்லணும். அதச் சொன்னாத்தான் இது விளங்கும்.

விசாவுக்கு டெல்லிக்குக் கூப்பிட்டிருந்தாங்க. மாடசாமியும் நானும் ரயில்ல போனோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. கேள்வி ஒண்ணே ஒண்ணுதான் கேப்பாவ, கனடாவுல உன்னய யாரு பாத்துக்கிடுவான்னு. அதுக்குப் பேச்சி போன்ல சொல்லிக் குடுத்திருந்தா, "மை டாட்டர் சப்போர்ட் மீ". நாக்பூர் தாண்டுறது வரைக்கும் மாடசாமி என்னய விடல. "அத்தான், ஒருக்கச் சொல்லுங்க. அத்தான், இன்னொருக்க." எதுத்த சீட்டுல இருந்த பட்டாளத்துக்காரருக்கே பாடம் ஆயிருச்சு.

கண்ணாடிக்கு முன்னால போய் நின்னா வாயில வந்தது என்ன? "ஐ சப்போர்ட் மை டாட்டர்." பொறத்த நின்ன மாடசாமி தலையில கை வச்சிட்டான். அந்த அம்மா என்னய மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாவ. வேட்டி, கக்கத்துல மஞ்சப் பை. சிரிச்சாவ. "ஐ ஆம் ஷ்யூர் யூ டூ"ன்னு என்னமோ சொல்லிட்டு முத்திரையப் போட்டுட்டாவ. அந்த அம்மா எங்கன இருந்தாலும் நல்லாருக்கட்டும். அன்னைக்கு என் மனசுல பதிஞ்ச இங்கிலீஷ் வார்த்த அது ஒண்ணுதான். சப்போர்ட். ஒருத்தர வச்சுச் சோறு போடுறதுன்னு அர்த்தம்.

இப்ப ஐப்பசிக்கு வாங்க. ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, அந்த வாரம் மருமகன் வரல, நான் அடுக்களையில சின்ன உள்ளி உரிச்சுக்கிட்டு இருக்கேன். பேச்சி அந்தப் பக்கம் ரூம்ல போன் பேசுதா. இங்கிலீஷ்தான். எனக்கு எங்க வெளங்கும். ஆனா தண்ணிக்குள்ள மீன் துள்ளுற மாதிரி நடு நடுவுல ஒவ்வொரு வார்த்த மேல வருது. "ஓல்டு"ங்கா. பொறவு "ரிட்டயர்"ங்கா. பொறவு பைய, வருத்தமாச் சொல்லுதா, "கான்ட் சப்போர்ட்." அதுக்கப்புறம் "டிசம்பர்".

கையில உள்ளி அப்படியே நின்னு போச்சு.

நல்லா யோசிச்சுப் பாத்தேன். ஓல்டுன்னா நான்தான். அந்த வீட்டுல வேற கெழவன் யாரு? சப்போர்ட்டும் நான்தான், டெல்லியில சொன்னது. ரிட்டயர்னா நமக்குத் தெரியும், மாலை போட்டு, லட்டு குடுத்து, போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவாங்க. டிசம்பருக்குள்ள என்னய ஊருக்கு அனுப்பப் போறா. பாவம், எங்கிட்ட எப்படிச் சொல்லன்னு தெரியாம மருமகன்கிட்ட போன்ல சொல்லி வருத்தப்படுதா.

கோவம் வரல, உள்ளதச் சொல்லுதேன். வருத்தம் இருந்துச்சு. ஆனா அவளும்தான் என்ன செய்வா? அவ பேச்சே மாறிப்போச்சே. "வாராவ, போறாவ"ன்னு பேசின புள்ள, இப்ப டிவியில பேசுற மாதிரி "வர்றாங்க, போறாங்க"ங்கா. அவளுக்குன்னு ஒரு ஊரு ஆயிருச்சு. நாமளா எடுத்துச் சொல்லிட்டா அவளுக்குச் சங்கடம் இல்லன்னு நெனச்சேன். கட்டிலுக்கு அடியில இருந்து பொட்டிய இழுத்தேன். வேட்டிய அடுக்குனேன். கம்பளிச் சட்டைய மட்டும் மடிச்சுக் கட்டில் மேல வச்சேன். அம்பையில அத என்ன செய்ய?

போன வச்சுட்டுப் பேச்சி உள்ள வந்தா. "என்னப்பா இது?"

"டிசம்பருக்குள்ளன்னு சொன்னல்லா. கடைசி நேரத்துல பரக்கப் பரக்க அடுக்க வேண்டாம்னு."

"டிசம்பருக்குள்ள என்ன?"

"ரிட்டயர்."

"யாரு ரிட்டயர்?"

"நான்தாம்ட்டி. மருமகன்கிட்ட வருத்தப்படாதன்னு சொல்லு. எனக்கு ஒண்ணும் இல்ல. மாடசாமி பூத்துலயே ஒரு மூலையில கெடந்துக்கிடுவேன்."

அவ என்னயப் பாத்தா. பொட்டியப் பாத்தா. கம்பளிச் சட்டையப் பாத்தா. பொறவு சிரிச்சா பாருங்க, கட்டில் கால் ஆடுச்சு. "நான் பேசினது மாப்பிள்ளைகிட்ட இல்லப்பா, நார்வேல ஒரு ஆளுகிட்ட. சப்போர்ட் பண்ண முடியாம ரிட்டயர் பண்ணப் போறது ஒரு பக்கத்த. கம்ப்யூட்டர்ல ஒரு பழைய பக்கம்."

சிரிச்சு முடிச்சதும் கோவம் வந்துருச்சு. கம்பளிச் சட்டைய எடுத்து என் தலை வழியா மாட்டினா, காது ரெண்டும் பிஞ்சிரும் போல. "உங்கள அனுப்புவேன்னு எப்படிப்பா நெனச்சீங்க?" அதுக்கப்புறம் மத்தியானம் வரைக்கும் பேசல. சாப்பாட்டுக்கு உக்காந்தப்ப கேக்காமலே இன்னொரு கரண்டி சொதி ஊத்தினா. சமாதானம் ஆயிட்டான்னு தெரிஞ்சுக்கிட்டேன்.

மூணு

சோறு தின்னுக்கிட்டே கேட்டேன், அது என்ன பக்கம், அதுக்கு எதுக்கு ரிட்டயர்னு.

பேச்சி சொன்னத எனக்கு வெளங்கின மாதிரிச் சொல்லுதேன். மாடசாமி எழுதுறதும் நாங்க பதில் எழுதுறதும் ஒரு பலகையில எழுதிப் போடுற மாதிரி. அந்தப் பலகையச் செய்யுற சாமான, எந்தெந்தத் தேசத்துலயோ இருக்க எட்டுப் பத்துப் பேரு சேந்து செஞ்சிருக்காவ. அதுல பேச்சியும் ஒருத்தி. ஒருத்தரும் ஒருத்தர் மூஞ்சியப் பாத்தது இல்ல. சம்பளம் கெடையாது. ஆபீஸ் போயிட்டு வந்து, சோத்தத் தின்னுட்டு, இந்தச் சோலிய எடுக்காவ. உள்ள எப்படிச் செஞ்சிருக்குன்னு மூடி வைக்காமத் திறந்தே வச்சிருக்காவ, வேணுங்கவன் எடுத்துக்கிடலாம், தெரிஞ்சவன் சரி பண்ணிக் குடுக்கலாம். நம்ம கோயில் கொடைக்கு ஒருத்தன் பந்தல் போடுவான், ஒருத்தன் தண்ணி சுமப்பான், யாரும் யாரையும் கூலி கேக்க மாட்டாம்லா, அந்த மாதிரின்னு வச்சுக்கிடுங்க. சண்டையும் கொடையில வாரது மாதிரியே வருமாம்.

இந்தப் பலகைக்கு ரெண்டு வாசல். புது வாசல்ல படம், கலரு எல்லாம் வரும். பழைய வாசல்ல வெறும் எழுத்து, கறுப்புத் திரையில, அதுதான் ரிட்டயர் ஆகப் போற பக்கம். தொடங்கின காலத்துல எல்லாரும் அந்தப் பழைய வாசல் வழியாத்தான் வந்தாவ. இப்ப எல்லாரும் புதுசுக்குப் போயிட்டாவ. ஆனா எதப் புதுசாச் செஞ்சாலும் ரெண்டு வாசலுக்கும் செய்யணும். ஒரு வீட்டுல ரெண்டு அடுக்களை வச்சு, ஒரே கொழம்ப ரெண்டு தடவ வைக்க மாதிரி. அந்தப் பழைய அடுக்களைய ஒத்தையில பாத்துக்கிடுதவருதான் நார்வேக்காரரு. ஆண்டர்ஸுன்னு பேரு. எனக்கு அந்தரசு. அவரு வீட்டுல இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு. "ஒரு கையில புள்ள, ஒரு கையில இந்தப் பழசு, என்னால முடியலம்மா"ன்னு பேச்சிகிட்டச் சொல்லிருக்காரு. அவரு சொல்லுறதும் நியாயம்தான.

"அப்ப மூடிரதுதான? யாரும் வாரதில்லன்னா"ன்னேன் நான்.

"அதான்பா மூடப் போறோம். எண்ணிப் பாத்தாச்சு. ஒரே ஒரு ஆளு வருது. யாருன்னு தெரியல. வாரத்துக்கு ஒருக்க, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருது. கொஞ்ச நேரம் நிக்குது, போயிருது."

நான் சோத்தப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன். இங்க சாயங்காலம்னா அங்க விடியக்காலம். போன் பேசிப் பேசி அது மட்டும் மண்டையில ஏறிருக்கு.

"ஏட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம்னா அம்பையில சனிக்கிழமை வெள்ளனல்லா?"

"ஆமா."

"சனிக்கிழமை வெள்ளன மாடசாமில்லா கடை திறப்பான்."

பேச்சி கரண்டியக் கீழ வச்சா. "மாமா இன்னும் அந்தக் கறுப்புத் திரையிலயா பாக்குறாரு? புதுக் கம்ப்யூட்டர் வாங்கிட்டேன்னு எழுதினாரே."

"வாங்கினான். சந்தனம், குங்குமம் வச்சு, உங்க அத்தை பழைய சேலையப் போட்டு மூடி வச்சிருக்கான். படம் வாரதுக்குள்ள போன் லைன் அந்துருதாம். போன்லயே சொன்னானே."

மாடசாமி, கோவிச்சுக்கிடாத. கேட்டா, சொல்லத்தான வேணும்.

பேச்சி எந்திரிச்சுப் போயி ஜன்னல்கிட்ட நின்னா. நான் சொன்னேன், "ஒரு ஆளு இல்லட்டி அது. மாடசாமி வாசிக்க, கூட எத்தன பேரு நின்னு கேக்காவ. உவரி ரோசம்மா கருவாட்டுக் கூடையோட வள்ளியூர் வந்து, பஸ் மாறி, சந்தைக்கு வார வழியில பூத்துல இறங்கும். அது மகன் கப்பல்ல இருக்கான்லா. அவன் எந்தத் துறையில எறங்கினாலும் நம்ம பலகையிலதான் ரெண்டு வரி போடுதான். அதக் கேட்டுட்டுத்தான் ரோசம்மா யாவாரத்துக்கே போகும்." எண்ணுற மிஷினுக்குக் கம்ப்யூட்டர்ப் பொட்டிதான் தெரியும். பொட்டிக்கு முன்னால நிக்க ஆளு தெரியாது.

அவ திரும்பல. வெளியில பனியப் பாத்துக்கிட்டே பேசினா. "அப்பா, வெள்ளம் வந்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னு உங்ககிட்டச் சொல்லிருக்கனா?"

சொன்னது இல்ல. அவ கல்யாணம் ஆகி இங்கன வந்த புதுசு அது. டிவியில வெள்ளம்னு ஒரு நொடி காட்டிட்டு வேற சேதிக்குப் போயிட்டானாம். போன் போட்டா "கொர்"ருன்னு சத்தம். திரும்பத் திரும்பப் போட்டிருக்கா. அதே சத்தம். நாம அங்கன நல்லாத்தான் இருந்தோம் மாடசாமி. உங்க அக்கா பருப்பு இல்லாம ரசம் வச்சா, அதுக்கு நாம குறை சொல்லிக்கிட்டு இருந்தோம். இவ இங்கன அந்தக் "கொர்"ரக் கேட்டுக்கிட்டு, நாம இருக்கமா போயிட்டமான்னு தெரியாம உக்காந்திருக்கா.

"நாளைக்கு நான் பாட்டுக்கு இத மூடிட்டேன்னு வைங்க"ன்னா. "மாமா சனிக்கிழமை காலையில தொறப்பாரு. ஒண்ணும் வராது. இங்க ஏதோ ஆயிருச்சுன்னு நெனப்பாரு. ரோசம்மா அக்கா மகனுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நெனைக்கும். ஒரு வரிகூட வரலன்னா மனுசங்களுக்கு அப்படித்தான தோணும்."

நாலு

அன்னைக்குச் சாயங்காலமே அவ அந்த எட்டுப் பத்துப் பேருக்கும் எழுதினா. பொறவு ஒரு வாரம் வீட்டுல கொடைக் கமிட்டிக் கூட்டம் மாதிரித்தான். காலையில எந்திரிச்சா பேச்சி வாசிச்சுச் சொல்லுவா, இன்னைக்கு யாரு யாரத் திட்டிருக்கான்னு. ஒருத்தரு, "ஒரு பொட்டிக்காக எல்லாரும் சுமக்கணுமா?"ன்னாராம். இன்னொருத்தரு, "அந்தப் பழைய வாசல்ல ஓட்டை இருக்கு, திருடன் வருவான், சீக்கிரம் பூட்டணும்"ன்னாராம். அதுவும் மெய்தான்னு பேச்சியே சொல்லுதா. "என்னைக்குமே வச்சிருக்க முடியாதுப்பா. எப்ப மூடணும், எப்படி மூடணும், அதுதான் கேள்வி"ன்னா.

நான் என்னத்தச் சொல்ல? எனக்குத் தெரிஞ்சது சைக்கிளு. காத்தடிச்சுக் குடுப்பேன், பஞ்சர் ஒட்டுவேன். இதுக்குள்ள நான் தலைய விடல.

மூணாவது நாளோ நாலாவது நாளோ, நான் அவளுக்குக் காப்பி கொண்டு போய் வச்சேன். அவ கன்னத்துல கை வச்சுக்கிட்டுத் திரையப் பாத்துக்கிட்டு இருந்தவ, திடீர்னு சொன்னா, "இங்கன நிக்காது, அங்கன நிக்கும்."

எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. எத்தன வருசம் ஆச்சு அவ வாயில 'இங்கன', 'அங்கன' கேட்டு.

"என்னட்டி?"

"கண்டக்டர் மாமாப்பா. சங்கரலிங்கம் மாமா. மறந்துட்டீங்களா?"

மறக்கிறதாவது. எங் கடைக்கு முன்னால புங்க மரத்தடியிலதான மொதல்ல பஸ்ஸு நின்னுக்கிட்டு இருந்துச்சு. பொறவு கொஞ்சம் தள்ளி நிழற்குடை கட்டி, இனிமே அங்கனதான் நிக்கணும்னு உத்தரவு வந்துருச்சு. போர்டு ஒண்ணு எழுதி மரத்துலயே ஆணி அடிச்சாவ. கிராமத்துல இருந்து வாரதுல பாதி ஆளு என்னய மாதிரி, போர்ட யாரு வாசிக்கா? வழக்கம் போல மரத்தடியிலயே நின்னாவ. சங்கரலிங்கம் அண்ணாச்சி என்ன செஞ்சாரு, பழைய எடத்துலயும் விசில் குடுத்து நிறுத்துவாரு. படியில தொங்கிக்கிட்டுச் சத்தம் போடுவாரு, "இங்கன நிக்காது, அங்கன நிக்கும். இங்கன நிக்காது, அங்கன நிக்கும்." சொல்லிட்டு, நிக்கவங்கள ஏத்திக்கிடவும் செய்வாரு.

ஒரு நாளு புல்லுக்கட்டோட வந்த ஒரு ஆச்சி மடக்கிருச்சு. "ஏ கண்டக்டரே, நின்னுக்கிட்டே நிக்காதுங்கீரு?"

"நிக்காதுன்னு சொல்லத்தான் ஆச்சி நிக்கேன்."

"நேத்தும் இதச் சொன்னீராமே."

"நேத்து நின்னது வேற ஆளுல்லா. நீ இன்னைக்குத்தான வந்திருக்க."

டிரைவரு ஸ்டீரிங்குல அடிச்சுச் சிரிப்பாரு. "ஏலே சங்கரலிங்கம், நீ சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்கு வயசாயிரும்லே"ம்பாரு. ஒரு கோடை பூரா அப்படி நின்னுச்சு அந்தப் பஸ்ஸு. மரத்தடியில ஒருத்தரும் நிக்கதில்லன்னு ஆன பொறவுதான் நிக்காமப் போச்சு. பேச்சி அந்தப் பஸ்ஸுலதான் பள்ளிக்கூடம் போனா. பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, படியில ஏறும்போதே அவளும் கூடச் சேந்து கத்துவா.

அதத்தான் இப்ப அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு எழுதிருக்கா. மரம், பஸ்ஸு, ஆச்சி, புல்லுக்கட்டு எல்லாம் போட்டு. "பழைய வாசல உடனே பூட்ட வேண்டாம். தொறந்தவுடனே, இது நிக்கப் போகுது, இனிமே அங்க போங்கன்னு சொல்லட்டும். சொல்லிட்டு உள்ள விடட்டும். வார ஆளு எல்லாருக்கும் தெரிஞ்ச பொறவு பூட்டுவோம். பூட்டின பொறவும் அந்த ஒரு வரி மட்டும் அங்கனயே கெடக்கட்டும்"ன்னு எழுதிருக்கா.

மறுநாள் மொதப் பதிலு அந்தரசுகிட்ட இருந்து. பேச்சி வாசிச்சுச் சொன்னா. "எங்க தாத்தா ஊர்லயும் தோணி நிக்கிற துறைய மாத்தினாங்க, அங்க யாரும் சொல்லல. பங்குனி வரைக்கும் நான் பழச பாத்துக்கிடுதேன். ஓட்டைய நான் அடைக்கேன். புள்ள தூங்கும்போது செஞ்சுருவேன்"ன்னு எழுதிருக்காரு. பங்குனின்னு அவரு எழுதல, மார்ச்சுன்னு எழுதினாரு. பங்குனி நான் சொல்லுதது.

கேட்டேளா மக்கா, நார்வேன்னு ஒரு தேசம். அந்த மனுசனுக்கு அம்பாசமுத்திரம்னா என்னன்னு தெரியாது. ரோசம்மாவ அவரு ஒருநாளும் பாக்கப் போறதில்ல. பச்சப்புள்ளைய மடியில போட்டுக்கிட்டு, நம்ம பூத்துல உள்ள ஒரு பழைய பொட்டிக்காகக் கண்ணு முழிக்காரு. நம்ம கொடையில அவரு பேருக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும் மாடசாமி. புள்ள பேரும் கேட்டு எழுதச் சொல்லுதேன்.

இன்னொண்ணு தெரியுமா? அவங்களுக்குள்ள இப்ப அந்த ஏற்பாட்டுக்குப் பேரே 'அம்பை ஸ்டாப்'புதானாம். வேற எதையாவது பழசு நிறுத்தணும்னாலும், "அதுக்கு ஒரு அம்பை ஸ்டாப் வச்சியா?"ன்னுதான் கேக்காவளாம். அவங்க வாயில அது 'அம்பாய்'னு வருதாம். வந்துட்டுப் போகட்டும். நமக்கு மட்டும் வின்னிபெக்கு ஒழுங்காவா வருது.

அஞ்சு

இந்தக் கேசட்டு எதுக்குன்னு இப்பச் சொல்லணும்லா. பழைய வாசல்ல அந்த வரிய எழுதி வச்சாச்சு. மாடசாமி சனிக்கிழமை தொறந்தா மேலேயே தெரியும். ஆனா அவன் நேராக் கீழ போய் ரோசம்மா மகன் எழுதினதத்தான் தேடுவான், மேல இருக்கத வாசிக்க மாட்டான். எனக்குத் தெரியும் அவன. பேச்சிகிட்டச் சொன்னேன், "எழுதி வச்சா மட்டும் போதாதுட்டி, படியில தொங்கிச் சத்தம் போட ஒரு ஆளு வேணும்"னு.

உடனே அவ இந்த டேப்ப எடுத்து எம் முன்னால வச்சுட்டா. "ஐ சப்போர்ட் மை டாட்டர்னு டெல்லியில சொன்னீங்கல்லா? இப்பச் செய்யுங்க"ன்னு. இத்தன வருசம் கழிச்சு நல்லாப் புடிச்சா என்னய.

அதனால சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. பங்குனி உத்திரம் வரைக்கும் பழைய வாசல் எப்பவும் போலத் தொறந்திருக்கும். உத்திரம் கழிஞ்சதும் நிக்காது. அந்தப் புதுப் பொட்டிய நீ சேலையப் போட்டு மூடி வச்சிருக்கதப் பத்திப் பேச்சி ஒண்ணும் சொல்லல மாடசாமி, பயப்படாத. லைன் சரியானா அதுல பாரு. இல்லன்னா, பலகையில வாரது பூராத்தையும் வாராவாரம் அவ மெயில்ல அனுப்பிருவா. உன் கறுப்புத் திரையிலயே அது வரும், படம் கிடம் கெடையாது. கேசட்டோட உள்ள ஒரு துண்டுல எப்படித் தொறக்கணும்னு எழுதி வச்சிருக்கா. வர்ற சனிக்கிழமையே ஒருக்கச் செஞ்சு பாரு. வரலன்னா எழுது, இன்னும் நாளு இருக்கு.

நானும் இங்கனதான் இருக்கேன். பொட்டியத் திரும்பக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன். எனக்கு இன்னும் ரிட்டயர் வரல.

இப்ப நின்னு கேட்டவங்க எல்லாரும் ஒரு ஒத்தாசை செய்யணும். இன்னைக்கு வராதவங்க வேற நாளு வருவாவ. அவங்ககிட்டச் சொல்லிருங்க. நாளைக்கு வாரவன் நேத்து கேட்டிருக்க மாட்டான், அதனால சொன்னதையே திரும்பவும் சொல்லுங்க, சலிச்சுக்கிடாதீங்க. ரோசம்மா அடுத்த தடவ கூடைய இறக்கி வைக்கும்போது மாடசாமியே சொல்லிரணும். அதுக்கு இடது காது கேக்காது, வலது பக்கமா நின்னு சொல்லு. பக்கம் தொறக்கலன்னா உம் மகனுக்கு ஒண்ணும் இல்லம்மா, அவன் நல்லாத்தான் இருக்கான், நிக்க எடம்தான் மாறிருக்குன்னு சொல்லு. அது உவரிக்குப் போயி மத்தவங்களுக்கும் சொல்லிரும்.